ஐம்பத்திரண்டாம் பிரிவும் எட்டுக்கண் பாலமும்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, நானும் உட்கார்ந்துகொள்கிறேன். திருநெல்வேலிவரைக்கும் ஒன்றேகால் மணி நேரம். இந்த டிரைவர் ஓட்டுகிற ஓட்டுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் படம் பார்க்கிறீர்களா? பாருங்கள், பாருங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டுக்காரன் காதில் விழுந்தால் அது பொதுமக்களுக்குக் காட்டின கணக்கில் சேர்ந்துவிடும். சிரிக்காதீர்கள். சட்டம் தெரிந்த ஆள் சொல்கிறேன். இந்த நாட்டில் சினிமா பார்க்கத் தெரிந்தவன் கோடிப் பேர், சினிமாச் சட்டம் தெரிந்தவன் யார் சொல்லுங்கள்? எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்டால் நீங்களே அந்தப் போனைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவீர்கள்.

என் பெயர் பூவலிங்கம். கருத்தானூர் கமிட்டி மேல்நிலைப் பள்ளிக்கு எதிர்த்தாற்போல் ஜெராக்ஸ் கடை. பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பூவலிங்கம் கடை என்று கேட்டால் சொல்வார்கள். பாலத்துக்காரர் கடை என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே வந்து விடுவார்கள். பாலத்துக் கதை தெரியாதா? எந்த ஊர் நீங்கள்? விருதுநகரா. அதுதான். அங்கே வரைக்கும் போயிருக்காது.

எழுபத்தேழாம் வருஷம், எங்கள் ஊரிலிருந்து மூன்று மைலில் இருக்கிற எட்டுக்கண் பாலத்தில் ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. படத்தின் பெயர் 'பாலத்தடிப் புயல்'. அந்தப் படத்தில், பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று ஆற்றுக்குள் ஒரு குதி இருக்கிறது. அறுபது அடி. கதாநாயகனுக்கு உயரம் என்றால் வயிற்றைக் கலக்கும். அவனுக்குப் பதிலாகக் குதித்தது நான். குதிக்கிறேன், கீழே தண்ணீரில் ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. நான் வருகிற வேகத்தைப் பார்த்து அது வாயை மூடிக்கொண்டது. கரையேறினதும் கதாநாயகன் என் தோளில் சாய்ந்து அழுதான். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினான். டைரக்டர் என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார். எங்கள் அம்மாவின் எருமை என்னைத் தவிர வேறு யாரையும் மடியில் கை வைக்க விடாது என்பதால் நான் போகவில்லை.

இதுதான் கதை. இருபது வருஷத்துக்கும் மேலாக எங்கள் ஊரில் ஓடுகிற கதை. ஸ்போர்ட்ஸ் டே என்றால் மேடையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு, நீளம் தாண்டுகிற பிள்ளைகளுக்கு நான்தான் பரிசு கொடுப்பேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுகுமாரன் என்று ஒருத்தன் கலர் மெஷினும் ஏசியும் வைத்துக் கடை போட்டான். பள்ளிக்கூடத்தில் அறுநூறு பிள்ளைகள், ஒரு பிள்ளைகூட அங்கே போகவில்லை. மெஷின் சூடாகிற நேரத்தில் அவனால் கதை சொல்ல முடியுமா? ஏசியைத்தான் போட முடியும்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன. நீங்கள் விருதுநகர்க்காரர், இறங்கினால் நீங்கள் யாரோ நான் யாரோ. குதித்தது நான் இல்லை.

முகத்தை அப்படி வைக்காதீர்கள். நான் ஒன்றும் எடுத்த எடுப்பில் பாலத்தில் ஏறிவிடவில்லை. முதலில் கூட்டத்தில் நின்றேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷூட்டிங் பார்த்தவர்கள் ஊரில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள், அவர்களை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? தொண்ணூற்றி ஒன்றில் பால்கார முத்தையா போய்ச் சேர்ந்தார். நான் கூட்டத்திலிருந்து கதாநாயகனுடைய குதிரையைப் பிடிக்கிற ஆளானேன். அடுத்து தலையாரி போனார், குதிரைமேலேயே ஏறிவிட்டேன். கடைசியாக இருந்த ஆள் மகன் வீட்டோடு போய் இருக்கிறேன் என்று பம்பாய்க்கு ரயில் ஏறின அன்றைக்குத்தான் நான் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் கால் வைத்தேன். எல்லாம் முறைப்படி, படிப்படியாக வந்த பதவி உயர்வு. சர்க்கார் உத்தியோகத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

உண்மையில் என்ன நடந்தது என்றால், மழைக் காட்சி ஒன்று எடுத்தார்கள். நான் ஆலமரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து பூவாளியால் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றின ஆர்வத்தில் என் ஒரு கால் கீழே தொங்கிக் கேமராவுக்குள் வந்துவிட்டது. மழையில் எவன்டா காலைத் தொங்கவிட்டவன் என்று கேட்டு இறக்கிவிட்டார்கள். மறுநாள் பாலத்தில் குதிக்கிற காட்சி. என்னைப் பக்கத்தில் விடவில்லை. படம் வந்து திருநெல்வேலியில் பதினொரு நாள் ஓடியது. அந்தப் பதினொரு நாளும் எனக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றின அன்றைக்கு விசாரித்தால் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அதோடு சரி, பெட்டி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. கேசட்டு இல்லை, டிவியில் போடவில்லை. நானே பார்த்ததில்லை என்றால் பாருங்கள். பாலத்தில் குதிக்கிற காட்சி இருக்கிறது என்பது தெரியும். அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

இப்படிச் சிவனே என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கிரேஸ் பொன்மணி என்று ஒரு அம்மா ஹெச்.எம்.மாக வந்தது. வந்த முதல் நாளே, கேட்டில் சைக்கிளைவிட்டு இறங்கித்தான் உள்ளே வர வேண்டும் என்று போர்டு. இரண்டாம் நாள், தண்ணீர்த் தொட்டி எந்தத் தேதியில் கழுவினது என்று தொட்டி மேலேயே எழுத வேண்டும். மூன்றாம் நாள் தானே ஏறிப் பார்த்தது. ஹெச்.எம். என்றால் நாற்காலியில் உட்கார வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். தொட்டியில் ஏறுகிறவர்களை எல்லாம் நான் எந்தக் கணக்கில் வைப்பது? சிரித்தும் தொலைக்காது. நாம் எதைச் சொன்னாலும் கேட்டு முடித்து, ஒரு நிமிஷம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அது ஒரு கெட்ட பழக்கம்.

இந்த வருஷம் பள்ளிக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு. ஒரு நாள் சாயங்காலம் ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தது அந்தம்மா. சிங்கப்பூரில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் எங்கேயோ தேடிப் பிடித்து ஒரு படத்தைப் பென் டிரைவில் அனுப்பியிருக்கிறாராம். 'பாலத்தடிப் புயல்' என்றது. எட்டுக்கண் பாலத்தில் எடுத்ததாமே, நீங்கள் நடித்ததாமே என்றது. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரார்த்தனை ஹாலில் திரை கட்டி ஊருக்கே போட்டுக் காட்டப் போகிறோம், படம் முடிந்ததும் உங்களுக்கு மேடையில் பொன்னாடை என்றது.

நான் சந்தோஷம் என்றேன். வேறென்ன சொல்ல? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. தம்பி, எனக்கு எழுபத்தொரு வயது. சொத்து என்று பார்த்தால் ஒரு மெஷின், ஒரு பாலம். மெஷின் பழசு. பாலமும் போய்விட்டால் நான் யார்? சும்மா ஒரு கிழவன். அறுநூறு பிள்ளைகள் நடுவில் திரையில் எவனோ ஒருத்தன் குதிப்பான், அவன் முகம் என் முகமாக இருக்காது, அவ்வளவுதான், திங்கட்கிழமை காலையில் எல்லாப் பிள்ளையும் சுகுமாரனுடைய ஏசியில் நிற்கும்.

மூன்றாம் நாள் வக்கீல் குமாஸ்தா வேலாயுதம் வந்தான். நான் அப்போது பத்தாம் வகுப்பு அறிவியல் கைடு ஒன்றை அட்டையிலிருந்து அட்டைவரைக்கும் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன், டியூஷன் சென்டருக்கு நாற்பது செட். நல்ல புத்தகம், கடையில் போய் வாங்கப் பாவம் பிள்ளைகளால் ஆகுமா? அது ஒரு புண்ணியம் என்று செய்கிறேன். அதை ஓரமாக வைத்துவிட்டு வேலாயுதம் கொடுத்த தாள்களைப் போட்டேன். பதிப்புரிமைச் சட்டம். ஐம்பத்திரண்டாம் பிரிவு. நகல் எடுக்கிற எதையும் ஒரு கண் படித்துவிடுவது என் வழக்கம். படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது தம்பி.

என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் சினிமா போடலாம். ஆனால் பார்க்கிறவர்கள் யாராக இருக்க வேண்டும்? மாணவர், ஆசிரியர், பெற்றோர், பாதுகாவலர், பள்ளி நடவடிக்கைகளோடு தொடர்புடையவர். அவ்வளவுதான். ஊரைக் கூட்டிப் போட்டால் உரிமைக்காரனிடம் அனுமதி வாங்க வேண்டும். அடுத்தவன் உழைப்பைத் திருடி ஊருக்கே காட்டுவதா? ஒரு பள்ளிக்கூடம் செய்கிற காரியமா இது? எனக்கு வந்த கோபத்தில் கைடுக்கு முப்பத்திரண்டாம் பக்கம் இரண்டு தடவை விழுந்துவிட்டது.

உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். இடது கையால் எழுதினேன், எழுத்து தெரியக் கூடாது அல்லவா. பள்ளி வளாகத்தில் நடக்கவிருக்கும் அறிவுத் திருட்டைத் தடுத்து நிறுத்துக, இப்படிக்கு, சட்டத்தை நேசிப்பவன். எழுதி முடித்ததும் நம் மெஷினில் ஒரு நகல் எடுத்து, மூலத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, நகலைத் தபாலில் போட்டேன். மூலத்தை எப்போதும் கைவிடக் கூடாது. தொழில் தெரிந்தவர்கள் செய்கிற காரியம் அது.

இரண்டு நாள் கழித்து அந்தம்மா வந்தது. கையில் என் மனு. கமிட்டிக்காரர்களுக்குக் கொடுக்க ஆறு நகல் வேண்டும் என்றது. என் மனுவை எனக்கே நகல் எடுக்கக் கொடுக்கிறது, பாருங்கள் அதன் சாமர்த்தியத்தை. நான் அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவன் மாதிரிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். படித்துவிட்டு, யாரோ விஷயம் தெரிந்த ஆள்தான் எழுதியிருக்கிறான் என்றேன். ஆமாம் என்றது. நல்ல தமிழ் என்றேன். அதற்கும் ஆமாம் என்றது. பிறகு அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, சம்பந்தமே இல்லாமல் கேட்கிறது:

"உங்க மெஷின்ல அந்தக் கறுப்புக் கோடு இன்னும் சரியாகலையா அண்ணாச்சி?"

நான் இன்னும் அந்தத் தாளை மெஷினில் வைக்கவே இல்லை. வந்த வேலை என்ன, பேசுகிற பேச்சு என்ன? என் மெஷினில் டிரம்மில் ஒரு கீறல், எந்த நகல் எடுத்தாலும் இடது ஓரத்தில் மயிர்க்கோடு மாதிரி ஒன்று மேலிருந்து கீழாக விழும். இரண்டு வருஷமாக விழுகிறது. கருத்தானூரில் உள்ள ரேஷன் கார்டு நகல், சாதிச் சான்றிதழ் நகல், கல்யாணப் பத்திரிகை நகல், எல்லாவற்றிலும் அந்தக் கோடு உண்டு. தாலுகா ஆபீஸில் கோட்டைப் பார்த்தே கருத்தானூர்த் தாளா என்று கேட்பார்கள். அது ஒரு அடையாளம். அதைக் குறை சொல்வதற்காக ரோட்டைத் தாண்டி வர வேண்டுமா? மனசுக்குள் எவ்வளவு சின்னப் புத்தி பாருங்கள். கோடு கோடாகவே இருக்கட்டும் டீச்சர், எழுத்து தெரிகிறதா இல்லையா என்றேன். தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது என்றது.

போகவில்லை. நின்றுகொண்டே இருந்தது. அந்த ஒரு நிமிஷப் பார்வை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது:

"அண்ணாச்சி, நான் படத்தை முழுசா ஒருதடவை போட்டுப் பாத்துட்டேன். நீங்க பாத்து ரொம்ப வருசமாயிருக்கும். நாளைக்கு ஆபீஸ் ரூமுக்கு வாங்க. தனியா உக்காந்து நீங்களும் ஒருதடவை பாத்துருங்க. பிள்ளைங்க பாக்கிறதுக்கு முன்னாடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. என்னையும் கூட்டுச் சேர்க்கப் பார்க்கிறது. நாளைக்குக் கேஸ் என்று வந்தால் பூவலிங்கமும்தான் பார்த்தார் என்று சொல்லிவிடலாம் அல்லவா? நான் விடுவேனா?

"டீச்சர், நான் மாணவனா? ஆசிரியரா? என் பிள்ளை யாரும் உங்ககிட்டப் படிக்குதா? அப்பறம் எப்படி நான் பாக்க முடியும்? சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்றும் இருக்கிறதே, வருஷா வருஷம் பரிசு கொடுக்கிறீர்களே என்றது. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீச்சர் என்றேன். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் அண்ணாச்சி என்றது. அந்தம்மா சொல்லி எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற நிலைமைக்கு நான் இன்னும் வரவில்லை. ஆறு நகலையும் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கமிட்டி கூடியது. வக்கீலைக் கேட்டார்கள். மறுநாளே கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்: படம் மாணவர், ஆசிரியருக்கு மட்டும், வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, பாராட்டு விழா ரத்து. ஊரில் ஒரே சத்தம். நம் பாலத்தை நாமே பார்க்கக் கூடாதா, இந்தப் பாழாய்ப் போன மனுவை எவன் எழுதினான் என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். நானும் கூட உட்கார்ந்து அவனைத் திட்டினேன். அவன் விளங்கவே மாட்டான் என்றுகூடச் சொன்னேன்.

ஆனால் பாருங்கள், ஊர் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? ஊர் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. பிள்ளைகள்தானே முக்கியம். அந்த அறுநூறு பேரைச் சட்டமே உள்ளே விட்டுவிடுகிறது. சட்டம் எழுதினவனுக்குக் கொஞ்சமாவது யோசனை இருந்தால் பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டுப் பெரியவர்களை உள்ளே விட்டிருப்பான். எதைப் பார்த்தாலும் நம்பிவிடுகிற வயது அது.

இரண்டாவது மனு போட்டேன். இதையும் நகல் எடுத்துத்தான் போட்டேன். படம் போடுவது பள்ளி நடவடிக்கையா, கேளிக்கையா? பாடமில்லாமல் படம் எதற்கு? அந்தம்மா என்ன செய்தது தெரியுமா? பாடமாக்கிவிட்டது. எட்டாம் வகுப்புக்கு 'எங்கள் ஊரும் ஒரு திரைப்படமும்' என்று இரண்டு பக்கக் கட்டுரை. படம் பார்த்துவிட்டு, அதில் வேலை செய்த ஊர்க்காரரைப் பேட்டி எடுத்து எழுத வேண்டும். அதோடு விட்டதா? தயாரிப்பாளர் இறந்துவிட்டார், மகன் சென்னையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார் என்று யார் யாரையோ பிடித்து விசாரித்து அவருக்குப் போன் போட்டிருக்கிறது. எங்கள் அப்பா படத்தை இன்னும் நினைக்கிறார்களா, தாராளமாகப் போடுங்கள் என்று அந்த ஆள் அழுதுவிட்டாராம். தன் சொத்தைக் காப்பாற்றத் தெரியாத பயல். அவனுக்காக நான் இங்கே இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அனுமதிதான் வந்துவிட்டதே, அப்படியென்றால் ஊரையும் கூப்பிட வேண்டியதுதானே? கூப்பிடவில்லை. ஒட்டின நோட்டீஸ் ஒட்டினபடியே இருக்கட்டும், பிள்ளைகளோடு போதும் என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டதாம். ஏன் என்று எனக்கு இன்றைக்குவரைக்கும் புரியவில்லை. பிடிவாதம், வேறென்ன.

நேற்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஹால் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டார்கள். நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். கேட் வாட்ச்மேன், வாங்க அண்ணாச்சி, பின்பக்கமாக விட்டுவிடுகிறேன் என்றான். சட்டம் என்றேன். அவன் போய்விட்டான். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வருகிறது, பேச்சு வருகிறது, என்னவென்று புரியவில்லை. மழைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. நல்ல மழை. பிறகு ஒன்றுமே இல்லை. அறுநூறு பிள்ளைகள் உள்ள இடத்தில் அப்படி ஒரு அமைதி இருக்கக் கூடாது தம்பி. அதற்கப்புறம் கூரை தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம். குதித்தாயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் அடங்கி, சிரிப்பு. சிரிப்பென்றால் நிற்காத சிரிப்பு. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன். ஷட்டர் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. எட்டாம் வகுப்பு நாற்பது பிள்ளைகளும் ரோட்டைத் தாண்டி நேரே என் கடைக்கு வருகிறார்கள், கையில் நோட்டு பேனாவோடு. பின்னாலேயே அந்தம்மா. முன்னால் நின்றது இசக்கிப்பிரியா என்று ஒரு பிள்ளை, வாயாடி. முதலைக் கதையைப் பத்துத் தடவையாவது கேட்டிருக்கும். அது என்னைக் கீழேயிருந்து மேலேவரைக்கும் பார்த்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"தாத்தா, நீங்க ஏன் இதச் சொல்லவே இல்ல?"

என்னத்தைச் சொல்லவில்லை என்றேன்.

"சேலை கட்டிக்கிட்டுக் குதிச்சீங்கன்னு."

தம்பி, கொஞ்சம் தண்ணீர் வைத்திருக்கிறீர்களா? கொடுங்கள்.

என்ன நடந்திருக்கிறது என்றால், அந்தப் படத்தில் கதாநாயகன் குதிக்கவே இல்லை. அவனைப் பாலத்தடியில் தூணோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். வெள்ளம் ஏறி வருகிறது. கதாநாயகி வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் ஏறி, சேலையோடு தொபுக்கென்று குதித்துக் கட்டை அறுத்துவிடுகிறாள். தூரத்தில் வைத்து எடுத்ததால் முகம் தெரியாது. படத்தில் ஆம்பிளை குதிப்பது என்பதே கிடையாது. ஒரு கதாநாயகன் என்று இருந்தால் அவன்தானே குதிக்க வேண்டும்? பொம்பிளையைக் குதிக்க வைத்துவிட்டுக் கட்டிப் போட்ட இடத்தில் நிற்கிற ஆளை வைத்துப் படம் எடுத்தால் பதினொரு நாள் ஓடியதே அதிகம்.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் புத்தியைப் பாருங்கள். ஒருத்தருக்காவது தாத்தா பொய் சொல்லியிருப்பாரோ என்று தோன்றவில்லை. பாலத்தில் குதித்தது பூவலிங்கம் தாத்தா, அது காதால் கேட்டது. பாலத்தில் குதித்தது சேலை கட்டின ஆள், அது கண்ணால் பார்த்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இதற்குத்தான் எட்டு வருஷம் படிக்க வைக்கிறார்களாம்.

ஒரு நொடிதான் நேரம். இல்லை என்றால் பாலம் போயிற்று. ஆமாம் என்றால் சேலை. நாற்பது நோட்டு திறந்தபடி நிற்கிறது. அந்தம்மா எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டு என் முகத்தையே பார்க்கிறது. வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், படத்தை முழுதாகப் பார்த்த ஆள்தானே. சொல்லத் துணிவில்லை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். நனைந்த சேலை எத்தனை கிலோ தெரியுமா உங்களுக்கு என்று ஆரம்பித்தேன்.

பேனாக்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. காற்றில் சேலை குடை மாதிரி விரிந்து, விழவிடாமல் என்னை மேலே தூக்கினதைச் சொன்னேன். ஒரு பருந்து கூடவே வந்ததைச் சொன்னேன். முந்தானையை முதலை கவ்வினதைச் சொன்னேன், வாயை மூடின முதலை அதற்காகத்தான் மூடியது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மீசை இருந்திருக்குமே தாத்தா என்று ஒரு பையன் கேட்டான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எடுத்தேன், கலைக்காக என்றேன். எழுதிக்கொண்டான்.

இசக்கிப்பிரியா பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தது. பிறகு கேட்டது: "என்ன கலர் சேலை தாத்தா?"

நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அது படத்தைப் பார்த்த ஆள், கலரும் தெரியும் அல்லவா? நான் ஒன்று சொல்லி அது வேறாக இருந்தால்? அப்போது அந்தம்மா வாயைத் திறந்து, பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னது:

"படம் கறுப்பு வெள்ளைல்லா. அத அண்ணாச்சி சொன்னாத்தான் உண்டு."

பாருங்கள், தன்னை அறியாமல் என்னைக் காப்பாற்றிவிட்டது. விவரம் இல்லாதவர்களால் இப்படிச் சில நேரம் உபகாரமும் உண்டு. கிளிப்பச்சை என்றேன். மாம்பழ பார்டர். நாற்பது பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள், கிளிப்பச்சை, மாம்பழ பார்டர். எந்தச் சட்டம் வந்தாலும் இனி அது அப்படித்தான்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தம்மா கேட்டது, அந்தச் சேலை இன்னும் இருக்கிறதா அண்ணாச்சி என்று. முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது. இருக்கிறது, டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றேன். நம்பிவிட்டது தம்பி. பி.எட். வரைக்கும் படித்த அம்மா, அப்படியே நம்பிவிட்டது. திங்கட்கிழமை ஆண்டு விழாக் கண்காட்சி, கொண்டு வாருங்கள், கண்ணாடிப் பெட்டியில் வைத்து உங்கள் பெயரை எழுதிவிடுவோம், அதற்கு ஊரே வரலாம், சட்டம் ஒன்றும் கிடையாது என்றது. வருகிறேன் என்றேன். போகும்போது கடைப் படியில் ஒரு நிமிஷம் குனிந்து நின்றது, தோள் குலுங்கியது. இருமல் போல.

டவுன் வந்துவிட்டதா? உங்களுக்குத் திருநெல்வேலியில் சேலைக்கடைக்காரர் யாரையாவது தெரியுமா? புதுசு வேண்டாம். வீட்டுக்காரி சேலையை எடுக்க முடியாது, கூட்டத்தில் வைத்து என் சேலை என்று சொல்லிவிடுவாள். ஐம்பது வருஷப் பழசு மாதிரித் தெரிய வேண்டும், ஆனால் பூச்சி அரித்திருக்கக் கூடாது. கிளிப்பச்சை. மாம்பழ பார்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். முந்தானையில் பல் பட்ட மாதிரி நாலு ஓட்டை இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன், கடையில் ஆபீஸ் பஞ்ச் இருக்கிறது.